மாடு, மாட்டை, மாட்டுக்கு

தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் வாக்கியம் அமைக்கப் பழக்கும்போது முதலில் கைக்கு வரும் சொற்களில் ‘மாடு’ ஒன்று. இரண்டே எழுத்து. படம் போட வராத ஆசிரியரும் கொம்பும் வாலும் வைத்து ஒப்பேற்றிவிடலாம். மாட்டைப் பார்த்திராத பிள்ளை எந்த ஊரிலும் கிடையாது; சென்னை மாநகராட்சிப் பள்ளியிலும் கிடையாது. எழுதும்போது இடறும் இடம் ‘டு’ மட்டுமே. ஆகாரத்துக்கு எந்த எழுத்தானாலும் ஒரு துணைக்கால் போதும். உகரமோ கு, சு, டு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். ‘டு’ கையில் படிந்துவிட்டால் ஆடு, வீடு, காடு, தோடு எல்லாம் கூடவே வந்துவிடும். ஆகவே சொல்லை எழுதப் பழக்குவது முதல் வகுப்பிலேயே முடிந்துவிடுகிறது. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது.

‘சொற்றொடரில் அமைத்து எழுதுக’ என்று கேள்வி கொடுத்து அதன்கீழ் மாடு என்று எழுதினால், திருத்த வரும் நோட்டுகளில் பெரும்பாலானவற்றில் ஒரே விடை இருக்கும்: “மாடு பால் தரும்.” வண்டிக் காளை மட்டும் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளையும் அதையே எழுதும். பாக்கெட் பால் வாங்கும் வீட்டுப் பிள்ளையும் அதையே எழுதும். அடுத்தபடியாக வருவது “மாடு புல் தின்னும்.” அதுவும் தோன்றாதவர்களுக்கு “இது ஒரு மாடு.” மூன்றிலும் இலக்கணப் பிழை இல்லை, முழு மதிப்பெண் போட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் மூன்றும் துணைநூலிலிருந்தோ கரும்பலகையிலிருந்தோ இறங்கி வந்தவை. சொல்லை மாற்றி ‘கயிறு’ என்று கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். “இது ஒரு கயிறு” என்பதற்குமேல் பாதி வகுப்பு நகராது.

இவர்கள் வாக்கியம் அறியாத பிள்ளைகளா என்றால், இல்லை. தர்மபுரிப் பக்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளை மூச்சுவிடாமல் சொல்லும்: “எங்க மாடு கவுத்த அறுத்துக்கிட்டுப் போயி சோளக்காட்டுல பூந்துருச்சு, பெரியப்பா வந்து எங்கப்பாகிட்ட சண்ட போட்டாரு.” எழுவாய், செயப்படுபொருள், வினையெச்சம், ஏழாம் வேற்றுமை, இரண்டு வினைமுற்று, அவற்றுக்கிடையே காரணகாரியம் என்று எல்லாம் அதில் இருக்கின்றன. அதே பிள்ளையை நிற்கவைத்து, “மாடு. ஒரு வாக்கியம் சொல்லு கண்ணு” என்றால் வாயை மூடிக்கொள்ளும். வாக்கியம் என்பது பள்ளிக்கூடத்துச் சரக்கு, தன்னிடம் இல்லாதது என்று அது முடிவுசெய்துவிட்டது. “நேத்து உங்க மாடு எங்க போச்சு?” என்று கேட்டால் அடைப்பு திறந்துகொள்கிறது. கிராமப் பள்ளிகளில் நெடுங்காலம் இருந்த ஆசிரியர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் கண்டுகொண்ட உத்தி இது. பயிற்சிக் கூட்டங்களில் இது ஒவ்வொரு முறையும் புதுப் பெயரோடு வந்துபோகும்.

எழுபதுகளில் வாக்கியப் பயிற்சி பெரும்பாலும் வாய்ப்பாட்டை ஒத்திருந்தது. ஆசிரியர் சொல்வார், வகுப்பு திருப்பிச் சொல்லும். சிலேட்டில் இடம் குறைவு. பல்பத்தின் முனை மழுங்கினால் ஒரு வாக்கியத்துக்கே பலகை நிரம்பிவிடும். கோவை இலை போட்டுத் தேய்த்து அழித்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போவார்கள். பிள்ளை எழுதிய வாக்கியம் மறுநாள்வரை நிற்காது. ஆகவே போன வாரம் எழுதியதையும் இந்த வாரம் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழியில்லை. இந்த முறையில் ஒரு நன்மையும் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பகல் முழுவதும் வாக்கியங்களைச் சத்தம்போட்டுச் சொன்னதால் எழுத்துத் தமிழின் ஓசை காதில் ஏறியிருந்தது. ‘மேய்கிறது’, ‘மேய்கின்றன’ என்பவை அந்தப் பிள்ளைகளுக்கு அந்நியமாகப் படவில்லை.

1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது பண்ணை விலங்குகளில் ஒன்று உருமாறியது. ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் அதுவரை யானைத் துதிக்கைபோல் மேலெழுந்து வளையும் பழைய குறியோடு எழுதப்பட்டவை. ஆகவே ‘காளை’ என்று அப்பா எழுதிக் காட்டுவதற்கும் பள்ளியில் எழுதுவதற்கும் வடிவம் வேறாயிற்று, ‘பண்ணை’யும் அப்படியே. வீட்டில் எழுதிப் பழகிய பிள்ளைகள் சில காலம் இரண்டையும் கலந்து எழுதினார்கள். ‘மாடு’ அந்த மாற்றத்தில் தொடப்படவில்லை. காளை என்று எழுதச் சொன்னால் தயங்கிய பிள்ளைகள் மாடு என்று எழுதித் தப்பித்துக்கொண்டதும் உண்டு.

1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் தொடக்கப்பள்ளிகளுக்கு வண்ணப் படங்களையும் கற்பித்தல் கருவிகளையும் கொண்டுவந்தது. கடையிலிருந்தும் விலங்குப் படங்கள் வாங்கி மாட்டினார்கள். கடைப் படங்களில் இருந்த பசு பெரும்பாலும் கறுப்பு வெள்ளைத் திட்டு போட்ட, திமில் இல்லாத சீமைப் பசு. காங்கேயம் பக்கத்துப் பிள்ளைகளிடம் அதைக் காட்டினால் வாக்கியம் வருவதற்கு முன் விவாதம் வந்துவிடும். அங்கே மாட்டின் நிறத்துக்கே தனிப் பெயர்கள் உண்டு: மயிலை, காரி, செவலை. வெளிமாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர், “மாடு வெள்ளையாக இருக்கிறது” என்று மாதிரி எழுதிப்போட்டால், “அது வெள்ள இல்ல சார், மயில” என்று திருத்துவார்கள். அந்த ஒரு சொல்லை ஏற்றுக்கொண்டால் “மயிலைக் காளை வண்டி இழுக்கும்”, “செவலைக் கன்று துள்ளும்” என்று அடைமொழியோடு வாக்கியங்கள் தொடர்ந்து வரும். ஏற்காமல் ‘வெள்ளை’யில் நின்றால் வகுப்பு “மாடு வெள்ளையாக இருக்கிறது” என்பதோடு நின்றுவிடும்.

மாடு கட்டும் இடத்துக்கும் இதே நிலை. பாடநூல் ‘தொழுவம்’ என்று சொல்லித்தரும். கொங்குப் பகுதிப் பிள்ளைக்கு அது கட்டுத்தரை. தஞ்சைப் பக்கம் கொட்டகை. மரபுச்சொல் பயிற்சியில் தொழுவம்தான் விடை, அதைத் தெரிந்துகொள்ளவும் வேண்டும். ஆனால் வாக்கியம் அமைக்கும் வேளையில் “கட்டுத்தரையில் சாணி அள்ளினேன்” என்று எழுதிய பிள்ளையைத் திருத்துவது வீண்வேலை. அந்த வாக்கியத்தில் இடப்பொருள் உருபு சரியாக இருக்கிறது, தன்மை வினைமுற்று சரியாக இருக்கிறது, செய்தியும் உண்மையானது. தொழுவம் வேறொரு நாளில் வரலாம்.

செயல்வழிக் கற்றல் வந்தபோது வகுப்பின் தோற்றமே மாறியது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுவதற்கும் அது விரிந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். பாடநூலின் இடத்தில் அட்டைகளும் அவற்றை வரிசைப்படுத்திய கற்றல் ஏணிப்படியும் வந்தன. சுவரின் அடிப்பாகத்தில் கீழ்மட்டக் கரும்பலகை வரைந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. மேலே கம்பிப் பந்தலில் பிள்ளைகளின் தாள்கள் தொங்கின. வாக்கியப் பயிற்சிக்கு இதில் கிடைத்த பெரிய லாபம் அந்தக் கீழ்மட்டக் கரும்பலகை. அதுவரை வகுப்பு எழுதியது ஒரே வாக்கியமாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை, நோட்டுகள் மூடிக் கிடந்தன. இப்போது சுவரைச் சுற்றி ஒரே உயரத்தில் “மாடு பால் தரும்” வரிசையாக நின்றது. நான்கு மூலைக்கும் திரும்பிப் பார்த்த ஆசிரியருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அட்டையால் வந்த நட்டம் வேறு. அட்டையில் சொல் தனித்து நிற்கும்: படம், கீழே மாடு. அந்த வடிவத்தையே பலமுறை பார்த்த பிள்ளை அதை மாறாத ஒன்றாக எடுத்துக்கொண்டு உருபை வெளியே ஒட்டத் தொடங்கியது. “அப்பா மாடை கட்டினார்.” “ஆடுக்கு தழை போட்டேன்.” வேடிக்கை என்னவென்றால் பேசும்போது அதே பிள்ளை ‘மாட்ட’, ‘ஆட்டுக்கு’ என்று சரியாகவே சொல்லும். நாக்கு அறிந்ததைக் கை அறியவில்லை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசும் ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வாயிலும் ‘மாடை’ வரும். அவர்களுக்குத் தேவைப்பட்டது வேறு மருந்து: எழுத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு நிறையக் கேட்கவும் பேசவும் விடுவது.

மாடு மாட்டை ஆவதற்கு நன்னூலில் விதி உண்டு. நெடில்தொடர்க் குற்றியலுகரத்தில் வரும் டகர றகர ஒற்றுகள் வேற்றுமையில் இரட்டிக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே குற்றியலுகரம் மலையேற்றம். இரண்டாம் வகுப்பில் அந்தப் பெயரை எடுக்கவே கூடாது. வகுப்பில் வேலை செய்வது தோழமைச் சொற்கள். வீடு, வீட்டில், ரோடு, ரோட்டில், சோறு, சோற்றை, ஆறு, ஆற்றில். ‘வீடில் இருக்கிறேன்’ என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. அதைச் சொல்லிக்காட்டினாலே சிரித்துவிடும். சிரித்த கையோடு மாட்டுக்குப் போனால் ‘மாட்டை’ விளங்கிவிடுகிறது. ரோடு ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்லாயினும் ரோட்டில், ரோட்டை என்று இதே தடத்தில் போவது பிள்ளைகளுக்கு நல்ல சான்று. எதிர்த்தரப்பையும் உடனே காட்டிவிட வேண்டும்: பசுவை, எருமையை, கோழியை, கன்றை, குஞ்சை. இவற்றில் இரட்டிப்பு இல்லை. காட்டாமல் விட்டால் உற்சாகத்தில் ‘பச்சுவை’ என்று எழுதும் பிள்ளையும் உண்டு.

“மாடு பால் தரும்” என்பதிலிருந்து வகுப்பை வெளியே கொண்டுவர உதவிய உத்திகளில் மிக எளியது ஒரு நிபந்தனை: மாடு என்ற சொல் வாக்கியத்தின் முதலில் வரக்கூடாது. முதல் சொல் மாடாக இருந்தால் அது எழுவாய் ஆகிவிடும். எழுவாய்க்கு உருபு வேண்டாம், பயனிலையாக ஏதாவது ஒன்றைச் சேர்த்தால் வேலை முடிந்துவிடும். முதலிடத்தை அடைத்துவிட்டால் பிள்ளை வேறொருவரைத் தேடியாக வேண்டும். அம்மா, தாத்தா, டாக்டர், பக்கத்து வீட்டு அக்கா என்று ஆள் வந்தவுடன் மாட்டுக்கு உருபு வந்துவிடுகிறது. “அம்மா மாட்டுக்குத் தவிடு வைத்தார்.” “தாத்தா மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போனார்.” “டாக்டர் மாட்டின் வாயைத் திறந்து பார்த்தார்.” “நான் மாட்டுவண்டியில் ஏறினேன்.” ஒரு பாடவேளையில் இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமைகளும் ஒரு தொகைச்சொல்லும் வந்துவிட்டன. பெயர்கள் எதுவும் சொல்லித்தரப்படவில்லை. சொல்லின் இடத்தை மாற்றினால் மொத்த இலக்கணமும் அசைந்து கொடுக்கிறது. நெடுநாள் அனுபவமுள்ள ஆசிரியர்கள் வாக்கியப் பயிற்சியில் வேறெதைக் கைவிட்டாலும் இந்த நிபந்தனையைக் கைவிடுவதில்லை.

நிபந்தனையைத் தொடர்ந்து வரும் கேள்விகளை ஆசிரியர் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும். கேள்வியிலேயே உருபு இருக்கிறது. எதைக் கட்டினார்கள், எதற்குத் தண்ணீர் காட்டினார்கள், எதன் கழுத்தில் மணி, எதன்மேல் காக்கை உட்கார்ந்தது. கேள்வியின் முடிவைப் பிள்ளை அப்படியே விடைக்கு எடுத்துக்கொள்கிறது. “என்ன செய்தது?” என்று பொதுவாகக் கேட்டால் பழைய விடைதான் திரும்பும்.

2011 செப்டம்பரில் விலையில்லாக் கறவை மாடு, ஆடு வழங்கும் திட்டம் தொடங்கியது. ஆடு பெற்ற ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் கிடைத்தன. வகுப்பின் வாக்கியங்களில் இது உடனே தெரிந்தது. அதுவரை ‘அ அணில், ஆ ஆடு’ என்று சுவரில் தொங்கிய ஆடு, பல வீடுகளில் காலையும் மாலையும் பிள்ளையே பார்த்துக்கொள்ள வேண்டிய ஆடாயிற்று. பார்த்துக்கொள்பவரின் வாக்கியத்தில் வினை இரண்டு வகையாகப் பிரிந்து வரும். ஆடு மேய்ந்தது, நான் ஆட்டை மேய்த்தேன். ஆடு ஓடியது, தம்பி ஆட்டை ஓட்டினான். ஆடு திரும்பியது, அக்கா ஆட்டைத் திருப்பினாள். தன்வினை பிறவினை என்று உயர்வகுப்பில் வரப்போகும் பாடத்தின் உயிர் இதில் இருக்கிறது. விலங்கின் பெயரைச் சொல்லும் பிள்ளைக்கும் விலங்கை நடத்தும் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு, மேய்ந்ததற்கும் மேய்த்ததற்கும் இடையிலான அந்த ஒரு ‘த்’ எழுத்தில் தெரிந்துவிடும். ஆடு மேய்க்கப் போகிறான் என்று படிக்காதவனைத் திட்டும் வழக்கம் ஆசிரியர்களிடமும் இருந்திருக்கிறது. வாக்கியப் பாடத்தில் ஆடு மேய்த்தவனே முன்னால் நின்றான் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும்.

ஆடு என்ற சொல்லில் ஒரு சிறு குறும்பும் உண்டு. “ஆடு: நீ நன்றாக ஆடு” என்று ஒரு பிள்ளை எழுதினால் அது சரியான விடை. கேள்வித்தாள் விலங்கைக் கேட்டது என்று அடித்துவிடுவது சிலரது வழக்கம். கேள்வித்தாள் ஒன்றும் சொல்லவில்லை, வெறும் சொல்லைத்தான் கொடுத்தது.

விலங்குகளோடான வாழ்க்கை மாறியதைப் பாடவாக்கியங்கள் மெதுவாகவே அறிந்துகொண்டன. டிராக்டர் வந்து நெடுங்காலம் ஆன ஊர்களிலும் “மாடு ஏர் உழும்” என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஏர் எப்படி இருக்கும் என்று கேட்டால் படத்தைக் காட்டுவார்கள். 2017 சனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் திரண்ட பிறகு, மதுரைப் பக்கம் மட்டும் கேட்டுவந்த ‘காளை’ வாக்கியங்கள் சென்னைப் பிள்ளைகளிடமும் வந்தன. காளை சீறியது, காளையை அடக்கினார்கள், காளையின் திமிலைப் பிடித்தார்கள். வினைகளின் வேகமே வேறாக இருந்தது. தொலைக்காட்சியில் பார்த்ததுதான் என்றாலும், பார்த்ததைச் சொல்ல வந்த வாக்கியம் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைவிட நீளமாகவே வரும்.

சென்னைப் பிள்ளைகளின் மாடு தெருவில் நிற்கும் மாடு. அவர்களிடமிருந்து வரும் வாக்கியம் “மாடு போஸ்டர் தின்கிறது” என்பதாக இருக்கும். “பஸ் மாட்டுக்காக நின்றது” என்பதாக இருக்கும். மாடு புல் தின்னும் என்பதே விடைக்குறிப்பு என்பதால் போஸ்டரைச் சுழித்துவிடுகிற கைகள் உண்டு. வாக்கியப் பயிற்சியில் திருத்த வேண்டியது அமைப்பை மட்டுமே. பசை தடவிய சுவரொட்டியை மாடு தின்பதை அந்தப் பிள்ளை அன்று காலையில் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. ‘பஸ் மாட்டுக்காக நின்றது’ என்பதில் ‘ஆக’ என்ற உருபைத் தானே எடுத்துப் போட்டிருக்கிறது. இரண்டாம் வகுப்பில் அதைச் சொல்லித்தர எந்த நூலும் முயல்வதில்லை.

2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பரில் திறந்தபோது, ஒன்றாம் வகுப்பில் உட்காராமலேயே இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். சிற்றூர்களில் அவர்களில் பலர் அந்தக் காலம் முழுவதும் ஆடுமாடுகளோடு இருந்தவர்கள். சொல்வதற்கு நிறைய இருந்தது, எழுத்து கொஞ்சமும் இல்லை. அப்போது கைகொடுத்தது பிள்ளை சொல்ல ஆசிரியர் எழுதும் முறை. “எங்க மாடு கன்னு போட்டுச்சு” என்று பிள்ளை சொல்லும். ஆசிரியர் அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே கரும்பலகையில் “எங்கள் மாடு கன்று போட்டது” என்று எழுதுவார். பிள்ளை தன் வாக்கியத்தைத் தானே வாசிக்கும், தெரியாத எழுத்துகளையும் ஊகித்தே வாசித்துவிடும். பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம் அந்த இரண்டு வரிகளுக்கு இடையில் கண்முன் தெரியும். எங்க, எங்கள், கன்னு, கன்று, போட்டுச்சு, போட்டது. தவறு என்று ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. வாயில் அப்படி, நோட்டில் இப்படி என்றால் போதும்.

இந்த இடத்தில் ஆசிரியர்களுக்குள் ஒரு பழைய வழக்கு உண்டு. ‘கன்று போட்டது’ என்று விடலாமா, ‘ஈன்றது’ என்று எழுதவைக்க வேண்டுமா? ஈன்றது அழகான சொல், ஆனால் இரண்டாம் வகுப்பில் அதைத் திணித்தால் பிள்ளை வாக்கியத்தையே விட்டுவிட்டுச் சொல்லை மனப்பாடம் செய்யத் தொடங்கும். நான்காம் வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்தால் ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும். இளமைப் பெயர்களும் அப்படித்தான். தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பதைத் தருகிறது. சிறுவகுப்புக்குக் கன்றும் குட்டியும் குஞ்சும் போதும். குஞ்சு அந்த ஒன்பதில் இல்லை என்றாலும் கோழி வளர்ப்பவருக்கு அது இல்லாமல் முடியாது.

பன்மை இன்னும் தாமதமாக வரும். பேச்சில் “மாடுங்க மேயுது” என்றே சொல்வதால் ‘மாடுகள் மேய்கிறது’ என்று எழுதுவது மூன்றாம் வகுப்புவரை இயல்பு. ‘மேய்கின்றன’ என்பதைப் பேச்சிலிருந்து எடுக்க வழியில்லை, வாசிப்பிலிருந்துதான் அது வர வேண்டும். நிறையக் கதை கேட்ட வகுப்பில் அது தானாக வருகிறது. கேட்காத வகுப்பில் சிவப்பு மையால் எத்தனை முறை திருத்தினாலும் அடுத்த நோட்டில் பழையபடி இருக்கும்.

2022 சூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது. எழுத்து கூட்டுபவர் அரும்பில், சொல் வாசிப்பவர் மொட்டில், வாக்கியத்துக்கு வந்தவர் மலரில். ஒரே ‘மாடு’ மூன்று குழுவிலும் மூன்று வேலை செய்கிறது. இந்தப் பிரிவினையில் கவனிக்க வேண்டிய ஒன்று, வாய்மொழி வாக்கியத்துக்கு அரும்பும் மலரும் கிடையாது என்பது. எழுத்து தெரியாத அரும்புப் பிள்ளை மாட்டைப் பற்றிச் சொல்லும் வாக்கியம் மலர்ப் பிள்ளையுடையதைவிட வளமாக இருக்கக்கூடும். அதனால் பேச்சுக்கு மூன்று குழுவையும் ஒன்றாக உட்காரவைத்து, எழுத்துக்கு மட்டும் பிரிப்பது நல்லது என்று பல ஆசிரியர்கள் தாமாகவே முடிவுக்கு வந்தார்கள். பொம்மலாட்டம் அதற்கு வசதி. காகித உறையில் கொம்பு ஒட்டிய மாட்டுப் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டால் கூச்சப்படும் பிள்ளையும் பேசிவிடும். அப்போது வரும் வாக்கியங்கள் தன்மையில் வரும்: “எனக்குப் பசிக்குது.” “என்ன அவுத்து விடு.”

வல்லினம் மிகுவதைப் பற்றி ஒரு சொல். “மாட்டை கட்டினான்” என்று எழுதுவது பிழை, “மாட்டைக் கட்டினான்” என்பதே சரி. இதை எப்போது திருத்துவது என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து இல்லை. இரண்டாம் வகுப்பில் வாக்கியம் இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறது. அங்கே ஒற்றைக் காட்டி நிறுத்தினால் பிள்ளை சுருக்கமான வாக்கியத்துக்கு ஓடிவிடும், “இது ஒரு மாடு” திரும்ப வந்துவிடும். மூன்றாம் வகுப்பில் வாய்விட்டு வாசிக்கவைத்துக் காதால் பிடிக்கச் செய்வது பலிக்கும். மாட்டை என்று நிறுத்திவிட்டுக் கட்டினான் என்று வாசித்தால் இடையில் இடைவெளி கேட்கும். சேர்த்து வாசித்தால் க் தானாக விழும். ஐக்கும் குவுக்கும் பின்னால் மட்டும் கவனம் வைத்தால் இந்த வயதுக்குப் போதும்.

திணை, பால் பற்றிய கேள்வி எதிர்பாராத இடத்திலிருந்து வரும். வீட்டு மாட்டுக்கு லட்சுமி என்று பெயர் இருக்கும். பிள்ளை “லட்சுமி வந்தாள்” என்று எழுதும். மாடு அஃறிணை, ஆகவே ‘வந்தது’ என்று திருத்தலாம். ஆனால் அந்த வகுப்பிலேயே ஒரு லட்சுமி உட்கார்ந்திருப்பாள், அவள் வந்தாள்தான். “எந்த லட்சுமி?” என்று கேட்டு, மாடு என்றால் வந்தது, பிள்ளை என்றால் வந்தாள் என்று இரண்டையும் பக்கத்தில் எழுதிக்காட்டுவது வகுப்புக்கு விளங்கும். பாசத்தால் வந்தாள் என்றே எழுதுவேன் என்று ஒரு பிள்ளை பிடிவாதம் பிடித்தால் விட்டுவிடலாம். பத்தாம் வகுப்பு இலக்கணத்தில் திணை வழுவமைதி வரும்போது, உவப்பினால் மாட்டை அம்மையாக்கிச் சொல்வதே அங்கே எடுத்துக்காட்டு.

ஒரு வாக்கியம் நிலைத்துவிட்ட பிறகு இரண்டாவதைக் கேட்க வேண்டும். அங்கேதான் ‘பசு’ கட்டுரையின் நோய் தொற்றுகிறது: பசு ஒரு வீட்டு விலங்கு, பசு பால் தரும், பசுவுக்கு நான்கு கால்கள், பசுவுக்கு ஒரு வால். பத்து வரியிலும் பசு முதலில் நிற்கும். முதல் வாக்கியம் எழுதியதும் கரும்பலகையிலிருந்து மாடு என்ற சொல்லை அழித்துவிடுவது இதற்கு மாற்று. இரண்டாவது வாக்கியத்தில் அந்தச் சொல் வரக்கூடாது, ஆனால் மாட்டைப் பற்றியே இருக்க வேண்டும். சிலர் ‘அது’ என்று தொடங்குவார்கள். சிலர் எழுவாயே இல்லாமல் “ராத்திரி முழுக்கக் கத்தியது” என்று எழுதுவார்கள். தமிழுக்கு அது முழு வாக்கியம். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒன்றிரண்டு பேர் இரண்டையும் ஒன்றாக மடித்துவிடுவார்கள்: “ராத்திரி முழுக்கக் கத்திய மாட்டைக் காலையில் டாக்டரிடம் ஓட்டிப்போனோம்.” பெயரெச்சம் வந்துவிட்டால் சொல்லைக் கொடுத்து வாக்கியம் கேட்கும் பயிற்சிக்கு அந்தப் பிள்ளையிடம் வேலை இல்லை. அடுத்துக் கேட்க வேண்டியது, டாக்டர் என்ன சொன்னார் என்பது.